சும்மா வெள்ளை

காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுகிறேன். மகள் சோபாவில் தூங்குவாள். நான் கீழே மெத்தை போட்டுப் படுத்திருப்பேன். எழுந்ததும் அவள் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வரும். பால் காய்ச்சுகிறேன். பொங்குவதற்குள் இன்னொரு முறை வந்து விரலை வைக்கிறேன். அடுப்பை அணைத்த பிறகு குமிழைத் திருகி, அணைந்ததுதானா என்று பார்க்கிறேன். அவளை எழுப்புகிறேன். பல் தேய்க்க வைக்கிறேன். துப்பும் நுரையில் சிவப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். சீருடை. இரட்டைப் பின்னல். இடது பின்னல் எப்போதும் தளர்ந்துதான் வருகிறது.

"அப்பா, இந்தப் பக்கம் தூங்குது."

அவிழ்த்து மறுபடி பின்னுகிறேன். மறுபடி தூங்குகிறது. ஷூ மாட்டும்போது, உள் அறையின் கதவு சாத்தியிருக்கிறதா என்று அவள் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். சாத்தித்தான் இருக்கும். கிளம்புவோம்.

அவளுக்கு ஐந்து வயது. வாலு என்று கூப்பிடுவோம். அவள் அம்மா வைத்த பட்டப்பெயர். அம்மா போன பிறகு வாலுத்தனம் ஒன்றும் மிச்சமில்லை. பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

உள் அறை வாலுவுக்கென்று ஒதுக்கியது. சுவரில் முன்பு குடியிருந்தவர்கள் அடித்த பழுப்பு மஞ்சள். அதை வெள்ளையாக்க வேண்டும் என்று என் மனைவிக்குப் பிடிவாதம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் நான்கு வெள்ளைகளை நான்கு கட்டங்களாக அடித்துப் பார்த்தாள். கடைக்காரர்கள் வைத்திருந்த பெயர்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. "வெள்ளைக்கு எதுக்குப்பா இவ்வளவு பில்டப்பு?" என்றாள். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் பென்சிலால் சொந்தமாக ஒரு பெயர் எழுதினாள். பால், பல், பஞ்சு. பாலில் ஒரு சொட்டு மஞ்சள் இருந்தது. பல் இன்னும் கொஞ்சம் மஞ்சள். "உன் பல்லு மாதிரி" என்றாள். பஞ்சு சாம்பல் பக்கம் சாய்ந்தது. நான்காவது எந்தப் பக்கமும் சாயவில்லை. அதற்குப் பெயர் கிடைக்காமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் 'சும்மா' என்று எழுதினாள்.

அடுத்த நாள் அந்த நான்காவது கட்டத்துக்கு மட்டும் இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். கூப்பிட்டாள். போனேன். வாசலில் நின்று என்னவென்று கேட்டேன். பதில் சொன்னாள். திரும்பி வந்து அடுப்பை அணைத்தேன். பிரஷ் தரையில் விழும் சத்தம் கேட்டது.

தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். முன்கூட்டி யாருக்கும் தெரிந்திருக்காது என்றார். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவில்லை. எதுவும் பேசவில்லை.

துக்கத்துக்கு வந்த உறவினர்கள் வீட்டைத் துடைத்துக் கழுவினார்கள். பெயிண்ட் டப்பாக்களையும் பிரஷ்ஷையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். சுவரில் நான்கு கட்டங்கள் மட்டும் நின்றன.

பொழுது சாயும்போது பழைய மஞ்சள் முதலில் இருண்டுவிடும். வெள்ளை இருளாது. நான்கு கட்டங்களும் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விளக்குப் போட்டது போல நிற்கும். முதலில் பார்த்தது வாலுதான்.

"அப்பா, அந்த ஜன்னல்ல யாரு இருக்கா?"

"அது ஜன்னல் இல்லம்மா. பெயிண்ட்."

"அப்போ ஏன் லைட் எரியுது?"

நானும் பார்த்தேன். எரியத்தான் செய்தது. கதவைச் சாத்தினேன். அதன் பிறகு அவள் துணிமணி ஹாலில் ஒரு நாற்காலி மேல் குடியேறியது.

எனக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டுக்குள் இருக்கும் மணிப் பொத்தானை யாராவது அழுத்தினால் அந்த அழைப்பு என் மேசைக்கு வரும். சிவப்பு விளக்கு மினுக்கும். பெரும்பாலும் பை இடித்திருக்கும், இல்லையென்றால் யாராவது முதுகைச் சாய்த்திருப்பார்கள். "ஒண்ணுமில்ல சார், சும்மா அழுத்திட்டேன்" என்பார்கள். அந்த வார்த்தையை நம்பக் கூடாது என்பதுதான் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வது. முன்பு ஒரு பெரியவர் அப்படிச் சொல்லிவிட்டு வைத்தார். அவருக்கு நெஞ்சு வலி. முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லக் கூச்சம். அதிலிருந்து மூன்று கேள்விகள் கட்டாயம். கதவு திறக்குதா? லிஃப்ட் நகருதா? உள்ளே யாருக்காவது உடம்பு முடியலையா?

வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அன்று என் மனைவி எதற்காகக் கூப்பிட்டாள் என்பதுதான் அதன் பிறகு என் யோசனை முழுக்க. தலை வலித்ததா? கண் மங்கியதா? ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்ததும் மாற்றிச் சொன்னாளா? அவள் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அடியில் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். அதனால் வாலு "அப்பா" என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். பென்சில் சீவித் தரக் கூப்பிட்டிருப்பாள். நான் மூச்சு வாங்க நிற்பேன்.

கொஞ்ச நாளில் அவள் கூப்பிடுவது குறைந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு சாயங்காலம் பால்கனியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். ஹாலில் அவள் இல்லை. குளியலறையில் குழாய் மெதுவாக ஓடும் சத்தம். ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தாள். உதடு கிழிந்து மோவாயெல்லாம் ரத்தம். சீருடைச் சட்டையில் ரத்தம். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழாமல் நின்றாள். தண்ணீர்ச் சத்தம் வெளியே வராதபடி குழாயைச் சன்னமாகத் திறந்து வைத்திருந்தாள்.

"விழுந்தியா? ஏன் கூப்பிடல?"

துண்டை இன்னும் இறுக்கி அழுத்தினாள்.

"ஏம்மா அப்பாவைக் கூப்பிடல?"

துண்டை எடுத்துவிட்டுச் சொன்னாள். "கூப்பிட்டா ஓடி வருவே."

"வந்தா என்ன?"

"உன் மூஞ்சி பயமா இருக்கும்."

மறுநாளே என் மாமியார் வந்து இறங்கினார். போனில் நான் சொன்னது உதட்டைப் பற்றி மட்டும்தான். மீதியைப் பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"புள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன்."

நான் உள் அறையின் சாத்திய கதவைப் பார்த்தேன்.

"அவளுக்குன்னு ஒரு ரூம் இருக்கு, அதுக்குள்ள போக மாட்டேங்கறா. அப்பான்னு ஒருத்தர் இருக்கார், அவரைக் கூப்பிட மாட்டேங்கறா. இது வீடா, வெயிட்டிங் ரூமா? நாளைக்கு அடுப்புல கையை வச்சுக்கிட்டாலும் மூச்சு விட மாட்டா. உங்களுக்குப் பயமா இல்ல?"

எனக்குப் பயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. "ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிடறேன் அத்தை. இந்த ஒரு வாரம் பாருங்க" என்றேன்.

அத்தை யோசித்தார். "சரி, அடிங்க. புள்ள உள்ள போய் இருக்கணும். ஏதாவதுன்னா வாயைத் திறந்து உங்களைக் கூப்பிடணும். ரெண்டும் நடந்தா நான் தனியாப் போறேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை அவளும் என்கூட பஸ் ஏறுவா."

பிறகு குரலை இறக்கிக்கொண்டு, வரும்போதெல்லாம் கேட்பதைக் கேட்டார். "அவ கடைசியா என்னதான் சொன்னா மாப்பிள்ளை? என்னைக் கேட்டாளா? புள்ளையைப் பத்தி ஏதாவது?"

"ஞாபகம் இல்ல அத்தை."

ஞாபகம் இருந்தது.

பெயிண்டர் வந்து விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன கலர் சார்?"

"வெள்ளை."

"அப்பாடா. இந்த மாசத்துல தெளிவாப் பேசுற முதல் ஆள் நீங்கதான். போன வீட்டுல புருஷன் பச்சைங்கறார், பொண்டாட்டி ரோஸுங்கறாங்க, நடுவுல நான் ஏணி மேல நிக்கறேன்."

"எந்த வெள்ளைன்னு இன்னும் முடிவு பண்ணலண்ணே."

"போச்சுடா."

நான்கு கட்டங்களையும் காட்டினேன். "நாலும் ஒண்ணுதானே சார்?" என்றவர், இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்தார். "இல்ல. நாலும் நாலுதான்."

எதிர்ச்சுவரைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். மற்ற மூன்று சுவர்களையும் அவர் தேய்த்து, வெடிப்புகளுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து வைத்தார். நான் காலையில் ஒருமுறை, ட்யூப் லைட்டில் ஒருமுறை, டார்ச் அடித்து ஒருமுறை என்று அந்தக் கட்டங்களின் முன் போய் நின்றேன். இரண்டாவது கோட் வாங்கியது சும்மா மட்டும்தான். அப்படியென்றால் அவள் தேர்ந்தெடுத்தது அதுதானா? ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க நீலம் பாய்ந்தது போல இருந்தது. ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்திருந்த வராந்தாவின் சுவர் அப்படித்தான் இருந்தது. அதே நிறத்தை நான்கு பக்கமும் அடித்து நடுவில் என் மகளைப் படுக்க வைப்பதா? விரலை அவள் மூக்கின் கீழ் வைப்பது போலக் கற்பனை செய்தேன். சுற்றிலும் அந்த வெள்ளை. 'பால்' கட்டத்துக்குப் போனேன். பால் அவள் வேண்டாம் என்று விட்டது. அதை அடித்தால் இது யாருடைய அறை?

"முடிவாச்சா சார்?" என்பார் பெயிண்டர்.

"நாளைக்குச் சொல்றேன்."

"பொண்ணு பார்க்கப் போனப்பவாவது சீக்கிரம் சொன்னீங்களா?"

அத்தை ஹாலிலிருந்து இருமினார். பெயிண்டர் ரோலரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போகும்போது முடிவு செய்தேன். பெயிண்ட் கடையில் ஒரு மெஷின் உண்டு. சுவரிலிருந்து ஒரு சில்லு பெயர்த்துக் கொண்டுபோனால் அதே நிறத்தைக் கலந்து கொடுக்கும். 'சும்மா' கட்டத்தின் ஓரத்தில் பிளேடால் ஒரு சில்லு எடுக்கச் சொல்லலாம். அப்போதும் பயம் தீரவில்லை. ஆனால் அவள் கை கடைசியாகப் பட்டது அதுதான்.

ஆபீஸில் மேசை முன் உட்கார்ந்ததும் பெயிண்டர் போன் செய்தார்.

"சார், கடையில நிக்கறேன். இன்னிக்கு அடிச்சாத்தான் நாளைக்குக் காயும். எந்த வெள்ளை?"

"சும்மா" என்றேன்.

சிவப்பு விளக்கு மினுக்கியது.

"சும்மா வெள்ளைதானே? இதைச் சொல்லவா சார் இத்தனை நாள்?"

"அண்ணே, ஒரு நிமிஷம், அந்தக் கட்டத்துல..."

அவர் வைத்துவிட்டார். லிஃப்ட் அழைப்பை எடுத்தேன். ஒரு பெண். பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டாராம். மூன்று கேள்விகளையும் கேட்டேன். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். மறுபடி முதலிலிருந்து கேட்டேன். "நான் செத்தாத்தான் சார் விடுவீங்களா?" என்று கத்திவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

பெயிண்டரைத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் வேறு யாரிடம் சொன்னாலும், சும்மா வெள்ளை என்றால் ஏதோ ஒரு வெள்ளை. கையில் கிடைக்கிற வெள்ளை. சில்லு எடுக்கச் சொல்லவே இல்லை. அத்தைக்குப் போன் செய்தேன். வாலுவைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே பஸ் டிக்கெட் எடுக்கப் போயிருந்தார். இரண்டு டிக்கெட் எடுப்பதாகச் சொன்னார். "தேவைப்படலேன்னா ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றார்.

லிஃப்ட் கம்பெனிக்காரன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சாயங்காலம் படியேறும்போதே பெயிண்ட் வாசம் வந்தது. உள் அறைக் கதவு அகலமாகத் திறந்திருந்தது. பெயிண்டர் தரையில் விரித்த பழைய செய்தித்தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளை. கட்டங்கள் இல்லை. பென்சில் எழுத்து இல்லை.

அந்த இடம் எதுவென்று கையால் தேடினேன். உள்ளங்கையில் ஈரமாக ஒட்டியது.

"சார் சார், காயல!"

"அண்ணே, இங்க நாலாவதா ஒரு கட்டம் இருந்துச்சே. சும்மான்னு எழுதி..."

"அது பேரா?" கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "யாரோ சும்மா கிறுக்கியிருக்காங்கன்னு நெனச்சேன் சார்."

பெயிண்டர் என் முகத்தைப் பார்த்தார். வாலு சொன்ன மூஞ்சி அதுவாகத்தான் இருந்திருக்கும். ஓர் அடி பின்னால் போனார்.

"நீங்க சொன்னபடிதான் சார் வாங்கினேன். ஒண்ணு சொல்லவா? மத்த மூணு கட்டமும் லேசுல மறையல. முதல் கோட்டுக்கு மூணும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு. ரெண்டாவதுல கூடக் கோடு தெரிஞ்சுது. இந்த நாலாவது மட்டும், ரோலர் பட்டதும் காணோம். எங்க இருந்துச்சுன்னு நானே தேடினேன்."

"எப்படி?"

"அதுவும் இதுவும் ஒரே டப்பா, வேறென்ன. இதுல கலரே விடல சார். வெள்ளைல மஞ்சள் வேணும்னா ஒரு சொட்டு விடுவாங்க, சாம்பல் வேணும்னா ஒரு சொட்டு விடுவாங்க. இது மெஷின் பக்கமே போகல. கம்பெனியில அடைச்ச மூடியை நான் இங்க வந்துதான் திறந்தேன். உங்க வீட்டம்மாவும் ஒண்ணும் கலக்காம சும்மா குடுங்கன்னு வாங்கியிருப்பாங்க."

சுவரைப் பார்த்தேன். நீலம் இல்லை. பக்கத்தில் பழைய மஞ்சள் இருந்தவரை அது நீலமாகத் தெரிந்திருக்கிறது. மஞ்சள் போனதும் நீலமும் போய்விட்டது. வராந்தாவும் இல்லை. அந்தப் பெயருக்குள் அவள் என்ன வைத்தாள் என்று நான் இத்தனை நாள் தோண்டிக்கொண்டிருந்தேன். டப்பாவில் இருந்ததைத்தான் எழுதியிருக்கிறாள்.

கையைக் கழுவப் போனேன். வெகு நேரம் கழுவினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அறை காய்ந்துவிட்டது. கட்டிலைப் போட்டு, துணிமணியை நாற்காலியிலிருந்து அலமாரிக்கு மாற்றினேன். வாசலோரம் அத்தையின் பை தயாராக நின்றது. பக்கத்தில் சின்னதாக இன்னொரு பை.

வாலு கதவருகில் நின்று எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. நான்கு சுவர்களும் ஒரே மாதிரி இருண்டன. எதுவும் தனியாக எரியவில்லை.

"ஜன்னல் எல்லாம் எங்க?"

"மூடியாச்சு."

"நிஜ ஜன்னல்?"

"அது இருக்கு. பாரு."

ஒரு காலை உள்ளே வைத்தாள். பிறகு இன்னொரு காலை. நான் சமையலறைக்குப் போனேன். பால் வைத்தேன். அங்கிருந்து அறை தெரியாது. அன்றும் இங்கேதான் நின்றிருந்தேன். காதைத் தவிர உடம்பில் மற்ற எதுவும் வேலை செய்யவில்லை. அறையில் சத்தமே இல்லை. கீழே விழுந்துவிட்டாளா? போய்ப் பார்க்கலாமா? போனால் என் முகத்தைப் பார்ப்பாள்.

"அப்பா!"

கரண்டி கையிலிருந்து நழுவியது. ஹாலில் அத்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். என் முகம் எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. உட்காருங்கள் என்று கையால் காட்டினேன். அடுப்பை அணைத்தேன். நடந்தேன். ஓடாமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வாசலில் நின்றேன். வாலு அறை நடுவில் நின்றிருந்தாள். நின்றுகொண்டுதான் இருந்தாள். மூன்று கேள்விகளும் வாய்வரை வந்தன.

"என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

என் முகத்தை ஆராய்ந்தாள்.

"சும்மா" என்றாள்.

"சரி" என்றேன்.

திரும்பி நடந்தேன். முதுகெல்லாம் வியர்த்திருந்தது. அடுப்படிக்கு வந்து மேடையைப் பிடித்துக்கொண்டேன். எதுவும் விழவில்லை. கட்டில் மேல் அவள் குதிக்கும் சத்தம் கேட்டது.

அத்தை பின்னாலேயே வந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே அவ அம்மா. சின்னதுல நாள் முழுக்க அம்மா, அம்மான்னு என் உயிரை எடுப்பா. கை வேலையை விட்டுட்டு ஓடினா அங்க ஒண்ணும் இருக்காது. நான் வர்றேனான்னு பார்க்கணும் அவளுக்கு. அவ்வளவுதான்."

நான் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு ஞாபகம் இருக்கு அத்தை" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. பக்கத்தில் வந்தார். "என்னைக் கேட்டாளா?"

"இல்ல."

"புள்ளையை?"

"இல்ல அத்தை. உள்ள இருந்து என்னைக் கூப்பிட்டா. போய் வாசல்ல நின்னேன். என்னன்னு கேட்டேன். பிரஷ்ஷும் கையுமாத் திரும்பிப் பார்த்தா. மூக்குல பெயிண்ட்."

அத்தை காத்திருந்தார். உள்ளேயிருந்து வாலு மறுபடியும் கூப்பிட்டாள். அவள் அம்மா சொன்னதை அத்தையிடம் சொல்லிவிட்டு அறையை நோக்கி நடந்தேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."